சொந்தக்காரர் எல்லாம் எழும்பி வெளியே போகவும்

நேர்மையாக இருப்பது நல்ல விசயம். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நேர்மையைத் தட்டச்சு செய்து, பிரதி எடுத்து, பிரதேச சபை உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கிற வேலையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். நான் செய்தேன். அதன் பலனாக முப்பத்துநாலு வயதில் தாத்தாவானேன். (அப்போது எனக்குப் பிள்ளையே இல்லை. அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாகத் தீரவில்லை.)

கடந்த சபையில் நான் ஒரு உறுப்பினர். வலிகாமத்தில் ஒரு பிரதேச சபை. எது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நான் படலையைத் திறந்துகொண்டு வெளியே போக முடியாது. அதற்கு முன்னர் ரியூட்டரியில் குடியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல் என்று வெண்கட்டி தேயத் தேயக் கத்தியவன். ஒரு சுயேச்சைக் குழு என்னைப் பிடித்துத் தேர்தலில் நிறுத்தியது. என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் வாக்குப் போட்டார்கள். வென்ற அன்று பின்னேரமே ஊரைத் திருத்துவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

திருத்த வேண்டிய முதல் ஆள் பசுபதி அண்ணை என்பது எனக்குச் சபைக்குப் போன உடனேயே விளங்கியது. பழைய உறுப்பினர். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அவர் வீட்டு ஒழுங்கைக்குத் தார் போட்டிருந்தது. அவருடைய மகள் வீட்டு ஒழுங்கைக்கும் போட்டிருந்தது. மகளின் மாமியார் வீட்டு ஒழுங்கைக்கும் போட்டிருந்தது. அவருடைய வம்சாவளியை யாராவது எழுத விரும்பினால், தார் போன வழியே சைக்கிளில் போனால் போதும்.

நான் விறைத்துப்போனேன். படிப்பித்த பாடத்தில் இப்படி ஒரு அத்தியாயம் இருக்கவில்லை. ஆகவே நானே ஒரு அத்தியாயம் எழுதினேன். 'உறுப்பினர் ஒழுக்கக் கோவை' என்று தலைப்பு. உறுப்பினர்கள் பொதுமக்களிடம் ஒரு பொருளும் வாங்கக்கூடாது. சபை வாகனங்களை உறுப்பினரோ உறவினரோ சொந்தத் தேவைக்கு எடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வேலையால் பயன்பெறுகிறவர் எந்த வகையிலேனும் தனக்கு உறவினர் என்றால், அது விவாதத்துக்கு வரும்போது அந்த உறுப்பினர் எழும்பி வெளியே போக வேண்டும்.

சபையின் செயலாளர் அம்மா அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாஸ்ரர், உறவினர் எண்டால் எதுவரைக்கும் எண்டு ஒரு வரையறை போடுவமே? தாய் தேப்பன், சகோதரம், பிள்ளையள் எண்டு?"

"நேர்மைக்கு எல்லை போடக்கூடாது" என்றேன் நான். (அந்த வசனத்தை முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன்.)

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கோவை ஏகமனதாக நிறைவேறியது. வழிமொழிந்தவர் பசுபதி அண்ணை. அந்த இடத்திலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெற்றி மயக்கத்தில் அவருக்குக் கைலாகு கொடுத்தேன்.

அந்தக் கிழமையே ரஞ்சிதம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். ஆலடி ஒழுங்கைக்காரர். இடப்பெயர்வோடு வன்னிக்குப் போய், நெடுங்காலம் அங்கேயே இருந்துவிட்டு, திரும்பி வந்து குடியேறியவர். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூட அவருடைய மகள் துசி, வயிறும் தானுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய புருசன் கட்டாரில் வேலை.

"தம்பி, மாரி துடங்கினால் எங்கடை ஒழுங்கையிலை முழங்காலுக்கு மேலை தண்ணி. ஓட்டோக்காரர் ஒருத்தரும் உள்ளுக்கை வரமாட்டினம். பிள்ளைக்குக் கார்த்திகையிலை நாள் குடுத்திருக்கு. அதுக்கு முன்னம் அந்த மதகைக் கட்டித் தந்தியள் எண்டால் எனக்கு அது காணும்."

"யோசியாதேங்கோ அக்கா. அது என்ரை பொறுப்பு" என்றேன்.

அவர் சுவரில் இருந்த என் அப்பாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் இருந்து வந்த என் அம்மா, அவரைக் கண்டதும் வந்த வழியே உள்ளே போய்விட்டார். நான் இரண்டையும் கவனித்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை. போகும்போது ரஞ்சிதம் அக்கா ஒரு தகர ரின்னை நீட்டினார். பயத்தம் பணியாரம். இன்னும் சூடு ஆறவில்லை.

"மன்னிக்க வேணும் அக்கா. உறுப்பினர் ஒண்டும் வாங்கக்கூடாது. சட்டம்."

"பணியாரம் தானே தம்பி?"

"பணியாரமும் பொருள் தான்."

அவருடைய முகம் அப்படியே வாடிப்போனது. ரின்னை மூடி, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு போனார். என் மனைவி வசந்தி குசினி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பணியாரத்தைத் திருப்பி அனுப்பின மனுசனோடை நான் எப்பிடிக் குடும்பம் நடத்திறது?"

நான் எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால், அந்த ஆளைப் பிடித்து முதுகில் இரண்டு போட வேண்டும்போல இருக்கிறது.

அடுத்த அமர்வு வந்தது. அந்த ஆண்டு ஒரு மதகுதான் கட்டலாம். நான் எல்லாருடனும் முன்கூட்டியே பேசி, ஆலடி ஒழுங்கைக்கே கொடுப்பது என்று சம்மதம் வாங்கியிருந்தேன். கை தூக்குவதுதான் மிச்சம். பொதுமக்கள் இருக்கிற கதிரை வரிசையில் ரஞ்சிதம் அக்கா, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

தவிசாளர் தொண்டையைச் செருமினார். "ஆலடி ஒழுங்கை மதகு. விண்ணப்பம் குடுத்தவர் திருமதி ரஞ்சிதம். எங்கடை மாஸ்ரரின்ரை கோவைப்படி, உறவினர் ஆரும் இருந்தால் வெளியாலை போகலாம்."

பசுபதி அண்ணை மெல்ல எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, விண்ணப்பதாரி என்ரை மனுசியின்ரை சின்னம்மாவின்ரை மருமோள். இதிலை இருக்க என்ரை மனச்சாட்சி விடாது."

போனார். எனக்குப் புல்லரித்தது. ஒரு மனிதன் திருந்துவதை என் கண்ணால் பார்க்கிறேன் என்று நினைத்தேன். கைதட்டக்கூடப் பார்த்தேன்.

கைதட்ட முதல் அடுத்தவர் எழும்பினார். அவருடைய தங்கச்சி சம்பந்தம் செய்த வீடாம். அதற்கடுத்தவரின் அம்மம்மாவும் ரஞ்சிதம் அக்காவின் அம்மம்மாவும் கூடப்பிறந்தவர்களாம். இரண்டு பெண் உறுப்பினர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து குசுகுசுத்தார்கள்.

"நாங்கள் அவவுக்கு என்ன முறையடி?"

"நான் சொந்தம். நீ எனக்குச் சொந்தம். அப்ப நீயும் எழும்பத்தானே வேணும்?"

இருவரும் எழும்பினார்கள். கதிரைகள் இழுபடுகிற சத்தம் நிற்கவே இல்லை. தவிசாளர் நெஞ்சில் கை வைத்து, ரஞ்சிதம் அக்காவின் பெரியம்மாவின் மகன் தன் தங்கச்சியைக் கட்டியிருப்பதாக அறிவித்து, ஆசனத்தை உப தவிசாளரிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தார். உப தவிசாளர் அந்தக் கதிரையில் இருந்த சூடு ஆறமுதல் எழும்பி, "அவவின்ரை புருசன் எனக்கு மச்சான் முறை" என்று சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் போனார். (வெளி விறாந்தையில் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியும் றோல்ஸும் வந்திருந்தன என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். மனச்சாட்சிக்கும் றோல்ஸுக்கும் எத்தனை பங்கு என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.)

மண்டபத்தில் மிஞ்சியது நானும் யேசுதாசன் அண்ணையும். அவர் கடற்கரை வட்டாரத்து உறுப்பினர். கத்தோலிக்கர், மீன்பிடிக் குடும்பம்.

"எனக்கு இஞ்சை ஒருத்தரும் சொந்தமில்லை மாஸ்ரர். என்ரை ஆக்கள் முழுப்பேரும் கரையிலை" என்றார் அமைதியாக. "நீங்கள் முன்மொழியுங்கோ, நான் வழிமொழியிறன். அலுவலை முடிப்பம்."

"கோரம் இல்லை. கூட்டம் நடத்த ஆள் காணாது" என்றார் செயலாளர் அம்மா. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அப்போதுதான் ரஞ்சிதம் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். மதகு போய்விட்டதே என்று அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொருவரும் எழும்பி முறை சொல்லிவிட்டுப் போகும்போது அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த மலர்ச்சி என்னில் வந்து முட்டியதும் நின்றுவிட்டது. அவர் எழும்பினார்.

"தம்பி, போனவையெல்லாம் தூரத்துச் சொந்தம். வன்னியாலை வந்த நாள் துடக்கம் ஒருத்தரும் என்னை வந்து எட்டிப் பாக்கேல்லை. இண்டைக்குச் சபையிலை, எல்லாற்றை முன்னாலையும், சொந்தமெண்டு சொல்லிப்போட்டுப் போகினம். நீர் என்ரை சித்தப்பான்ரை மகன். நீர் மட்டும் எழும்பேல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, என்ன சொல்லுறியள்?"

"உம்மடை அப்பாவும் என்ரை அப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. தெரியாத மாதிரி இருக்கிறீர். அண்டைக்குப் பணியாரத்தைத் திருப்பித் தந்தனீர். சட்டமெண்டு சொன்னீர், சரி. இண்டைக்கு என்னையே திருப்பி அனுப்பிறீர்."

அவருடைய குரல் உடைந்தது. நான் எழும்பி நின்றேன். ஏன் எழும்பினேன், கோவைப்படியா, வெட்கத்திலா என்று தெரியாது. ரஞ்சிதம் அக்கா என்னைத் தாண்டி நடந்து போனார். நானும் வெளியே போனேன்.

"நீங்களும் போனால் நான் இதுக்குள்ளை ஆரோடை கதைக்கிறது மாஸ்ரர்?" என்று யேசுதாசன் அண்ணை பின்னால் கேட்டது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் நின்று, ரஞ்சிதம் அக்கா சொன்னது உண்மையா என்று கேட்டேன்.

"ஓமடா" என்றார் அம்மா, கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தாமல். "கொப்பரும் அவவின்ரை தேப்பனும் ஒன்றுவிட்ட சகோதரம் தான். தோட்டத்துக் கிணத்துப் பங்கிலை கொழுவல் வந்து கதை பேச்சில்லாமல் போச்சு. நீ பிறக்க முன்னம்."

"ஏனம்மா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

ஊரிலே யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல், உறவைப் பற்றிச் சட்டம் எழுதியவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிசியை, அதுவும் என் இரத்தத்தை, ஊர் பார்க்க அழவைத்துவிட்டு வந்திருக்கிறேன். மதகும் இல்லை.

அடுத்த அமர்வு அடுத்த மாதம். ஆனால் மழைக்கு எங்கள் நிகழ்ச்சி நிரல் தெரியாது. கார்த்திகை பிறந்ததும் கொட்டத் தொடங்கியது. ஒரு நாள் மத்தியானம் ரஞ்சிதம் அக்காவின் அயல்வீட்டில் இருந்து வசந்தியின் கைபேசிக்கு அழைப்பு வந்தது. துசிக்கு வயிற்றுக்குத்து. ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். ஓட்டோக்காரர் யாரும் வரமாட்டோம் என்கிறார்கள்.

நான் வேட்டியோடேயே மோட்டார் சைக்கிளில் பாய்ந்தேன். சந்தியில், முறிந்த கொப்புகளை ஏற்றிக்கொண்டு சபையின் குப்பை ரக்டர் நின்றது. சாரதி சிவம். எனக்குக் கடவுளையே கண்டதுபோல இருந்தது.

"சிவம், ரக்டரை ஆலடி ஒழுங்கைக்குள்ளை விடு. பிள்ளைத்தாச்சியை ஏத்த வேணும். கெதியா!"

"ஆருக்கு மாஸ்ரர்?"

"என்ரை மருமோளுக்கு."

அந்தச் சொல் தானாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறை சொல்கிறேன். சொன்ன கையோடு எனக்கு நானே குழி வெட்டிவிட்டேன் என்பது சிவத்தின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தது.

"மாஸ்ரர், உறுப்பினரின்ரை சொந்தக்காரருக்குச் சபை வாகனம் எடுக்கேலாது. ஒப்பீஸ் சுவரிலை ஒட்டியிருக்கு. கீழை உங்கடை பேர். போன மாதம் ஒரு உறுப்பினரின்ரை மாமியைக் கோயிலுக்குக் கொண்டுபோனதுக்கு மற்றச் சாரதியை வேலையாலை நிப்பாட்டினது நீங்கள் தானே? எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்திருந்தான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், அதற்குக் காரணம் மழை இல்லை, வெள்ளம் இல்லை, என்னுடைய கோவைதான். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் நான் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

அப்போதுதான் ஊரிலேயே சொந்தமில்லாத அந்த ஒரு மனிதரின் நினைவு வந்தது. யேசுதாசன் அண்ணைக்கு அழைப்பு எடுத்து, விசயத்தைச் சொல்லி, கைபேசியைச் சிவத்தின் காதோடு பிடித்தேன். அவருடைய குரல் மழையையும் தாண்டி எனக்குக் கேட்டது.

"தம்பி சிவம், அந்தப் பிள்ளை ஆரெண்டே எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது, முறையும் தெரியாது. நான் சொல்லுறன், இது பொதுத் தேவை. மாதாவே எண்டு ரக்டரை எடு. வாற கேள்விக்கு நான் மறுமொழி சொல்லுறன்."

சிவம் கொப்புகளைத் தெருவோரம் தள்ளிவிட்டு ரக்டரை உள்ளே விட்டான். பெட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரை வைத்து, துசியை இருத்தி, ரஞ்சிதம் அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு குடையை விரித்தார். என்னோடு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன்.

"நீங்கள் ஏறக்கூடாது மாஸ்ரர்" என்றான் சிவம். "அவையளுக்குப் பொதுத் தேவை. உங்களுக்குச் சொந்தத் தேவை."

ஆகவே நான் பின்னால் நடந்தேன். வேட்டி தண்ணீரில் குடைபோல விரிந்து மிதந்தது. ரக்டர் பெட்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, பழைய குப்பையின் வாசம் மூக்கில் அடிக்க, முழங்காலளவு தண்ணீரை உழக்கிக்கொண்டு போனேன். ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வேலிக்கு மேலாகவும் சனம் நின்று பார்த்தது. என்னிடம் குடியியல் படித்த ஒரு பெட்டை கும்பிட்டாள்.

சந்தியில் பசுபதி அண்ணை கடை வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் அவருடைய சிரிப்பு முதல்முறையாக மறைந்துபோனது.

"என்னடாப்பா, வாகனம் இருக்கப் பின்னாலை நடந்து வாறீர்? உம்மடை நேர்மைக்கு ஒரு அளவில்லையே?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன்னுடைய வான் வண்டியின் கதவை இழுத்துத் திறந்தார்.

"ஏத்துங்கோ பிள்ளையை. இது என்ரை சொந்த வாகனம். என்ரை சொந்தப் பெட்டையை ஏத்திக்கொண்டு போறன். இதுக்கு உம்மடை கோவையிலை ஏதும் தடை இருக்கே?"

இருக்கவில்லை. நான் திருத்த நினைத்த மனிதர், என்னையும் தலைகுப்புறப் பின் இருக்கையில் தள்ளி, ஆஸ்பத்திரி வாசல் வரை கோன் அடித்துக்கொண்டே போனார். அவர் போட்ட தாரின் மேல் அன்றைக்கு ஒரு குலுக்கலும் இல்லை. (இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் உண்மை.)

பொழுதுபட முதல் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். துணியில் சுற்றிக் கொண்டுவந்த தாதி, சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்களோ தகப்பன்?"

ரஞ்சிதம் அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "இல்லைப் பிள்ளை. அவர் என்ரை தம்பி. குழந்தைக்குத் தாத்தா முறை."

தாதி என் தலைமயிரைப் பார்த்தார். ஒரு நரை கூட இல்லை. பிறகு குழந்தையைப் பார்த்தார். அன்றைக்கு அந்த விடுதியில் என்னைவிட அதிர்ச்சியடைந்த ஒரே ஆள் அவர்தான். நான் விறாந்தையில் இருந்து வாய்விட்டு அழுதேன். சந்தோசமா, வெட்கமா, தம்பி என்று சொன்னதா, எல்லாம் சேர்ந்துதான் வந்தது.

அடுத்த அமர்வில் கோவையைத் திருத்த நானே முன்மொழிந்தேன். உறவினர் என்றால் தாய் தகப்பன், சகோதரம், கணவன் மனைவி, பிள்ளைகள். செயலாளர் அம்மா அதை ஏற்கனவே தட்டச்சு செய்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். பசுபதி அண்ணை வழிமொழிந்தார். நிறைவேறியது. அடுத்து ஆலடி ஒழுங்கை மதகு. ரஞ்சிதம் அக்கா அதே நல்ல சேலையோடு அதே கதிரையில் இருந்தார். நான் எழும்பினேன்.

"மாஸ்ரர், இப்ப நீங்கள் எழும்பத் தேவையில்லை. ஒன்றுவிட்டது கணக்கிலை வராது" என்றார் தவிசாளர்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, விண்ணப்பதாரி என்ரை அக்கா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

விறாந்தையில் நின்று ஒரு றோல்ஸ் தின்றேன். உள்ளே "ஏகமனதாக" என்ற சத்தம் கேட்டது. நான் கத்திக் கத்திக் கேட்ட மதகு, நான் இல்லாத நேரத்தில் கிடைத்தது. நல்ல மதகு. இன்றைக்கும் தண்ணீர் வழிந்து போகிறது.

அதோடு விட்டார்களா? எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும், நான் வாசலில் காலை வைத்ததும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "மாஸ்ரர் வந்திட்டார், சொந்தக்காரர் எல்லாம் எழும்பி வெளியாலை போகவும்!" உடனே முழுச் சனமும் எழும்பி முற்றத்துக்குப் போகும். சிரித்துவிட்டுத் திரும்பி வரும். கனடாவில் இருந்து வருகிறவர்களுக்குக்கூட இது தெரிந்திருக்கிறது.

போன மாதம் துசியின் மகனுக்குப் பிறந்தநாள். நான் உள்ளே போனேன். வழமைபோல எல்லாரும் எழும்பினார்கள். பசுபதி அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு முதல் ஆளாகப் போனார். பொடியனும் "தாத்தா, நானும் போறன்!" என்று கத்திக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினான். வெறும் கதிரைகளுக்கு நடுவில் ரஞ்சிதம் அக்கா மட்டும் அசையாமல் இருந்தார். மடியில் ஒரு ரின்.

"என்னக்கா, நீங்கள் எழும்பேல்லையே?"

"அண்டைக்கு நீர் எழும்பேல்லை. இண்டைக்கு நான் எழும்பமாட்டன்" என்று சொல்லி மூடியைத் திறந்தார்.

பயத்தம் பணியாரம். இந்த முறை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.